ஒரு மணிப் பசி

நான் அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது இதோ இந்தக் கல்லாவுக்கு முன்னால்தான். மணி பன்னிரண்டே முக்கால். மார்கழி மாதம். ஐயப்ப சாமிமார் இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். ஏதோ கேட்டாள். நான் பதில் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். ஒன்றரை மணிக்குப் பரிமாறுகிற சுடலைமுத்து ஓடிவந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அசந்து தூங்குகிற மாதிரி. சீனி வியாதிக்காரர்களுக்கு மாரடைப்பு வலிக்காமலேகூட வருமாம். டாக்டர் சொன்னார்.

ஏன் நிற்கிறீர்கள் மேடம், உட்காருங்கள். அந்த பெஞ்சு வேண்டாம், ஈரம். இதில் உட்காருங்கள். உங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக் கடையில் நாலு மணிக்கு வந்தால் என்ன இருக்கும்? பானை கவிழ்த்தாயிற்று.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் வியாபாரிகள் சங்கத்து மாடியில் பொம்பளைகளைக் கூட்டிவைத்து வகுப்பு நடத்துகிறீர்கள். எதைத் தின்பது, எத்தனை மணிக்குத் தின்பது, எப்படி மூச்சு விடுவது, எப்படி அழுவது. அந்த மாடியை மறு வருடத்துக்கு உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை சாயங்காலம் கூட்டம். நான் வாபஸ் வாங்கினால் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் பூட்டு. 'பிரமநாயகம் அண்ணாச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்திருங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்' என்று தலைவர் சொல்லி அனுப்பியிருப்பார். வாபஸ் கடிதத்தை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வேண்டாம், பைக்குள்ளேயே இருக்கட்டும். நான் போட மாட்டேன்.

முப்பத்திரண்டு பொம்பளைகள் வருகிறார்களா? அதில் ஒருத்தி செத்துப்போனாள் மேடம். மீதி முப்பத்தொன்று உங்கள் கணக்கு. எனக்கு அந்த ஒன்றுதான் கணக்கு.

நான் சண்டைக்காரன் இல்லை. நாற்பது வருடமாக இந்த சங்கரன்கோவிலில் கடை நடத்துகிறோம், அப்பா காலத்தையும் சேர்த்து. சோறு வேகவில்லை என்று ஒருவன் சொன்னது கிடையாது. போர்டில் பிரமநாயகம் மெஸ் என்று இருக்கும். ஊர்வாயில் மதினி கடை. என் பெயரைச் சொன்னால் தெரியாது, மதினி கடை எங்கே என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரானாலும் கை காட்டுவார்கள். என் சம்சாரம் ஆவுடையம்மாள் கைப்பக்குவம் அப்படி. அதை நான் மறுக்கவில்லை. அவள் இருக்கும்போது சொன்னேனா என்றால், அதையெல்லாம் ஒரு புருஷன் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்பா சொல்வார்: 'சோத்துப் பானை கவுந்தாத்தாம்ல கடை நிமிரும்.' இந்தக் கடையின் சட்டம் அது. கடைசி ஆள் கை கழுவும்போது பானையில் பருக்கை இருக்கக் கூடாது. பிறகுதான் எங்கள் சாப்பாடு. எனக்கும் பரிமாறுகிற ஆட்களுக்கும் தனியாக எடுத்து வைத்திருப்பாள். சமையல்கட்டில் இருக்கிறவள் அடியில் மிஞ்சினதைச் சாப்பிட வேண்டியது. மிஞ்சினால். நல்ல வியாபாரம் நடந்த நாளில் மிஞ்சாது. அவளே வந்து சொல்வாள், முகமெல்லாம் சிரிப்பாக, 'பானை கவுந்துட்டு.' நான் சும்மா விடமாட்டேன், கேட்பேன். 'அப்ப நீ?' என்று கேட்பேன். 'எனக்குப் பசிக்கல. டீ குடிச்சுக்கிடுதேன்' என்பாள். பசிக்கவில்லை என்கிறவள் வாயில் திணிக்கவா முடியும்? எதிர்க்கடையிலிருந்து டீ வரும். 'மதினிக்குச் சீனி தூக்கலா' என்று அவனே கத்திக்கொண்டே போடுவான். கூட இரண்டு பொறை. சாயங்காலத்துக்குள் நாலு டீயாவது ஆகும். சர்க்கரை வியாதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? நாக்கு. இனிப்பு நாக்கு. நான் கண்டித்தும் பார்த்தேன்.

முப்பத்தோரு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒரு நாள்கூடப் பசிக்கிறது என்று சொன்னதில்லை மேடம். ஒரு நாள்கூட. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

போன வருடம் பங்குனியில் அடுப்பு முன்னால் மயங்கி விழுந்தாள். ரசம் கையில் கொட்டி முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பத்து நாள். சீனி இருக்கிறது, ரத்தம் இல்லை, பிரஷர் இருக்கிறது, தூக்கம் இல்லை. இருக்க வேண்டியது இல்லை, இல்லாமலிருக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது என்று அந்தச் சின்ன டாக்டர் கிண்டல் வேறு. அந்த வார்டுக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். கையில் ஒரு அட்டை. ஒரு தட்டு வரைந்து, பாதிக்குக் காய், கால்வாசிக்குப் பருப்பு, கால்வாசிக்குச் சோறு என்று கோடு போட்ட படம். நாற்பது வருடம் தட்டு போட்ட கடைக்காரனுக்குத் தட்டை வரைந்து காட்டினீர்கள்! நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவளைப் பார்த்து நீங்கள் கேட்டீர்கள், 'மத்தியானம் எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க?' அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், 'மூணு, மூணரை ஆகும்.' நீங்கள் என் பக்கம் திரும்பாமலேயே, 'நான் அவங்களைக் கேட்டேன்' என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது.

இருந்தாலும் வகுப்புக்கு அனுப்பினேன். ஆமாம், நான்தான் அனுப்பினேன். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வருவாள். அந்த மூன்று மாதமும் செவ்வாய்க்கிழமைச் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன். அதை உங்கள் மாடியில் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். மற்றதெல்லாம் சொல்லியிருப்பாள்.

முதலில் ஒரு சின்னச் சட்டி வந்தது. எங்கள் அடுப்பு ஓரத்தில் அவளுக்கென்று தனியாக.

'இது என்ன?' என்றேன்.

'கம்பஞ்சோறு. எனக்கு மட்டும்.'

'ஒரு வீட்டுல ரெண்டு உலையா?'

'உங்களுக்கும் சேத்து வைக்கட்டா?'

'எனக்கு என்ன நோவா?'

'நோவு வந்தப்புறந்தான் திங்கணும்னு சட்டமா?' என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் முப்பத்தோரு வருடத்தில் எனக்கு எதிர்ப் பேச்சு பேசாதவள். அது யார் பேச்சு? அவள் பேச்சா? உங்கள் பேச்சு.

பிறகு கீரை. தினம் ஒரு கட்டு. பிறகு விடியக்காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு. பிறகு டீயில் சீனி நிறுத்தினாள். எதிர்க்கடைக்காரன் என்னிடம் வந்து, 'அண்ணாச்சி, மதினிக்கு நம்ம மேல என்ன கோவம்?' என்று கேட்கிறான். ராத்திரி தூங்க ஆரம்பித்தாள். பத்து மணிக்குப் படுத்தால் காலை ஐந்து மணிவரை. முன்பெல்லாம் நான் இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டால் உடனே எழுந்து தருவாள். இப்போது கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. நானே போய் எடுத்துக் குடித்தேன்.

சாப்பிட வருகிறவர்கள் வேறு. அந்த எல்ஐசி ஏஜெண்ட் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, 'என்ன மதினி, முகத்துல களை வந்துட்டே, என்ன சங்கதி?' என்கிறான். இவள் கரண்டியோடு நின்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சிரிப்பது தப்பு என்று யார் சொன்னது? ஆனால் கூட்டு ஆறிக்கொண்டிருந்தது.

சீனி குறைந்தது என்கிறீர்கள். ரத்தம் ஏறியது என்கிறீர்கள். சீட்டு இருக்கிறது, நானும் பார்த்தேன். குறையட்டும், ஏறட்டும், நான் வேண்டாம் என்றேனா?

ஒரு செவ்வாய்க்கிழமை கண் சிவந்து வந்தாள். நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள்.

'என்ன, அங்க அடிச்சாவளா?' என்றேன், விளையாட்டாக.

'இல்ல. எல்லாரும் அழுதாவ. நானும் அழுதேன்.'

'நீ என்னத்தச் சொல்லி அழுத?'

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். 'மூத்தவளச் சொன்னேன்' என்றாள்.

உங்களுக்குத் தெரியும், உங்கள் முன்னால்தானே சொன்னாள். எங்களுக்கு இப்போது இருக்கிற மகளுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. மூன்று நாள் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. முப்பது வருடமாக இந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அப்படித்தான் நாங்கள் அதைத் தாண்டி வந்தோம். அதைப் போய் முப்பது பேர் நடுவில், தறிக்காரன் பெண்டாட்டி, பூக்காரி, யார் யாரோ உட்கார்ந்திருக்கிற இடத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளை பெற்ற பதினோராம் நாளே கடைக்கு வந்ததையும் சொன்னாளாம். நான் வரச்சொல்லவில்லை மேடம். சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அவளாக எழுந்து வந்தாள். நானும்தான் தகப்பன். நான் அழுதேனா? யாரிடமாவது போய்ச் சொன்னேனா? இதோ, உங்களிடம்தான் சொல்கிறேன். அதுவும் நீங்கள் கிளறியதால்.

சரி. அதையும் பொறுத்தேன். பிறகுதான் அந்த ஒரு மணி வந்தது.

சரக்கு அறையில் ஒரு முக்காலி உண்டு. ஒரு மணி அடித்தால் தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மென்று, மெதுவாக. பத்து நிமிடம். ஒரு மணி என்றால் எங்களுக்கு என்ன நேரம் தெரியுமா? தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, பாங்கு, எல்லாம் ஒன்றாக வந்து விழுகிற நேரம். அந்தப் பத்து நிமிடம் ரசம் யார் ஊற்றுவது? சுடலைமுத்து ஊற்றினான். ஊற்றிவிட்டான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியே ஆள் காத்திருக்க, உள்ளே கடைக்காரி உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது கல்லாவில் இருக்கிறவனுக்குத் தெரியுமே. முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். 'கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட்டா என்ன?' என்று ஒரு நாள் கேட்டேன். 'பசிக்கே' என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஆடித்தபசு அன்று நடந்ததை நீங்கள் தவறாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் அடித்தேன் என்று சொன்னார்களா? அடிக்கவில்லை. என் வாழ்நாளில் அவள்மேல் கை வைத்தது கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆடித்தபசு என்றால் ஊர் எப்படி இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோவில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை தலை. என் கடை வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். உள்ளே தட்டு பற்றவில்லை. இருப்பது அறுபது தட்டு, கழுவக் கழுவப் போதவில்லை. 'அண்ணாச்சி, ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு கொறையுது' என்று சுடலைமுத்து கத்துகிறான். மணி ஒன்று. நான் சரக்கு அறைக்குள் போனேன். இவள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கரண்டிச் சோறு, ரெண்டு கரண்டிக் கீரை, கொஞ்சம் சுண்டல். உங்கள் படத்தில் கோடு போட்டிருக்கிற மாதிரியே. ஒரு வாய்தான் வைத்திருந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் மேடம் நான் செய்தது. அது கடைத் தட்டு, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு இல்லை. சோற்றைக் குப்பையில் கொட்டினேனா? இல்லை. ஒரு வாழை இலைத் துண்டில் தள்ளி மூடி வைத்தேன். தட்டைக் கழுவிப் பந்திக்கு அனுப்பினேன். 'இன்னைக்குமா உனக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு. பிறகு எழுந்து கை கழுவினாள். ரச வாளியை எடுத்தாள். அன்றைக்கு மாதிரி வியாபாரம் இந்தக் கடையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூடி வைத்த சோற்றைச் சாயங்காலம் பார்த்தேன், எறும்பு. அவள் எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடவில்லை. வீம்பு.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. போகாதே என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் ஆள் அனுப்பினீர்கள், அந்தப் பூக்காரியை. 'இனிம வரலன்னு சொல்லிரு' என்று இவளே சொன்னாள். நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன். கம்பு போயிற்று. கீரை போயிற்று. எதிர்க்கடை டீ திரும்ப வந்தது. ஒரு வீட்டில் ஒரு உலை. கடை பழையபடி ஒழுங்காக நடந்தது. ஐந்து மாதம் சண்டை இல்லை, சச்சரவு இல்லை, எதிர்ப் பேச்சு இல்லை. பேச்சே இல்லை. நிம்மதியாக இருந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சங்கத்துக்கு எழுதின கடிதத்தை நீங்கள் படித்தீர்களாமே. 'மனைவிக்குப் பசியைக் கற்றுக்கொடுத்துக் கெடுத்தார்கள்' என்று எழுதியிருந்தேன். தலைவர் சிரித்தாராம். சிரிக்கிற விஷயம் இல்லை. நான் ரொம்ப நாள் யோசித்து எழுதினது. உடம்பு பழக்கத்துக்கு அடிமை மேடம். முப்பத்தோரு வருடம் மத்தியானம் பசிக்காமல் பழகின உடம்பு. அதற்கு நீங்கள் மூன்று மாதம் ஒரு மணிக்குச் சோறு காட்டினீர்கள். பழக்கம் போயிற்று. பிறகு ஒரு மணி ஆனால் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கண் இருட்டுகிறது. பழைய உடம்பாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். நீங்கள் அதைத் தாங்காத உடம்பாக்கிவிட்டீர்கள்.

பசி முன்பே இருந்தது, சொல்லவில்லை என்கிறீர்கள். முப்பத்தோரு வருடமாகவா? தினமுமா? என்ன பேச்சு இது. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்படிப் பார்க்காதீர்கள்.

என்ன கேட்டாள் என்றா? எப்போது? அன்றைக்கா? அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, ஏதோ கேட்டாள் என்று. அது எதற்கு உங்களுக்கு? அது எனக்கும் அவளுக்கும்.

சரி, சொல்கிறேன். சொன்னால் உங்களுக்கே புரியும், தப்பு யார் பேரில் என்று. இந்த இடத்தில் நின்றாள். வேர்த்திருந்தது. அடுப்படியில் இருக்கிறவளுக்கு வேர்க்காமல் இருக்குமா? 'ஒரு வாய் சாப்பிட்டுக்கிடட்டா? கை நடுங்குது' என்றாள். என்னிடம் கேட்டாள். ஆடி மாதம் கேட்காமலே போய் உட்கார்ந்தவள், அன்றைக்குக் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நானும் மரியாதையாகத்தான் சொன்னேன். 'சாமிமார் காத்திருக்காவ. பந்தி முடியட்டும்.' 'சரி' என்றாள். இரண்டு வேன் சாமிமார், நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து வந்தவர்கள். அவர்களைக் காக்க வைத்துவிட்டுச் சமையல்காரி முதலில் சாப்பிடலாமா? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் வேறு மதம், உங்களுக்கு அது தெரியாது.

சாமிமார் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். குருசாமி கல்லாவில் வந்து, 'ரசம் அமிர்தம்' என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் சுடலைமுத்து வந்தான்.

அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட. அவளுக்கு எப்படியோ ஆடித்தபசு விஷயம் தெரிந்திருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து திருப்பூர் போனவள், போனை எடுப்பதில்லை. அம்மா என்றால் அவளுக்கு உயிர். துக்கம் ஆறக் கொஞ்ச நாள் ஆகும்.

உள்ளே பாத்திரம் உருளுகிறது, அதைப் பார்க்காதீர்கள். முப்பிடாதி. புதுச் சமையல்காரி. புதுசு என்ன, நாலு மாதம் ஆகிறது. ஆவுடையம்மாளுக்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். கடைச் சட்டத்தைச் சொன்னேன். ஒருத்தி ஒன்பது நாள் இருந்தாள், இன்னொருத்தி ஒரு வாரம். பானை கவிழ்ந்த மறுநாள் வரவில்லை. முப்பிடாதி முதல் நாளே என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள், 'ஒரு மணிக்கு நான் உக்காந்து சாப்பிடுவேன். அந்த நேரத்துல யாரும் என்னயக் கூப்புடக் கூடாது.' சரி என்றேன். என்ன செய்வது, ஆள் கிடைக்க வேண்டுமே. உட்காருகிறாள், சாப்பிடுகிறாள். அந்தப் பத்து நிமிடம் நானே கல்லாவை விட்டு எழுந்து ரசம் ஊற்றிவிடுகிறேன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அது வேறு, இது வேறு மேடம். அவள் வேற்று வீட்டுப் பெண். சம்பளத்துக்கு வருகிறவளைப் பட்டினி போட்டால் பாவம்.

என்ன முப்பிடாதி? நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ உள்ளே போ.

என்ன?

கேட்டீர்களா மேடம், என்ன சொல்கிறாள் என்று? 'மாடியப் பூட்டிட்டா நான் செவ்வாக்கெழம எங்க போவேன் அண்ணாச்சி?' என்கிறாள். நீயுமா? எப்போதிலிருந்து? மூன்று மாதமாகவா? இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

'மூணு மணிக்கு மேல நீங்க வாயத் தொறந்துக்கிட்டு ஒறங்குவீய, உங்களுக்கு என்ன தெரியும்?' சிரிக்காதீர்கள் மேடம். இவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

மடக்கின சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு வருகிறாள், பாருங்கள். ஏதோ முடிவாகத்தான் வருகிறாள். என்ன சொல்லப் போகிறாய்? சொல்லு.

'ஒங்க கதையெல்லாம் உள்ள இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன் அண்ணாச்சி. அந்த அக்காவ எனக்குத் தெரியாது. அவிய வகுப்புல உக்காந்த எடத்துலதான் நான் உக்காருதேன்னு பூக்காரம்மா சொன்னாவ. கையெழுத்தப் போடுங்க. போடலன்னா நாளைக்கு அடுப்புக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க.'

நாளைக்கா? நாளைக்கு முகூர்த்தம். நூற்றைம்பது சாப்பாடு சொல்லி, காய் வந்து இறங்கிவிட்டது. அது தெரிந்துதான் சொல்கிறாள். பார்த்துக்கொண்டீர்களா, உங்கள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று? இதைத்தான் நான் கடிதத்தில் எழுதினேன். இந்தப் பேச்சைத்தான்.

நீ ஏன் இன்னும் நிற்கிறாய்? போ, தேங்காயைத் துருவு.

போக மாட்டாயா?

கொடுங்கள் அந்தக் காகிதத்தை. பேனா இருக்கிறது, உங்கள் பேனா வேண்டாம். எங்கே போட வேண்டும்? இங்கேயா? இதைப் போடுவதால் நான் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை. முகூர்த்தச் சாப்பாட்டுக்காகப் போடுகிறேன். தலைவரிடமும் அப்படியே சொல்லுங்கள். நான் எழுதினது எழுதினதுதான், அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. வகுப்பு நடக்கட்டும். ஆனால் அவள் பெயரை அங்கே யாரும் எடுக்கக் கூடாது. மூத்த குழந்தையின் பேச்சையும்தான்.

இந்தாருங்கள். கை கொஞ்சம் நடுங்கிவிட்டது, பரவாயில்லை, என் கையெழுத்துத்தான். நான் இன்னும் சாப்பிடவில்லை. நீங்கள் வந்துவிட்டீர்கள்.

கிளம்புகிறீர்களா? இருங்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆள் தெரியுமே. இந்தப் பையைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிடுங்கள். அவளுக்கு மாதாமாதம் கொடுத்த சர்க்கரை மாத்திரை. எதையும் வீணாக்க எனக்கு மனம் வராது. தேதி பார்த்துவிட்டேன், அடுத்த வருடம் வரைக்கும் இருக்கிறது. காலைக் கவர், ராத்திரிக் கவர் எல்லாம் தீர்ந்துவிட்டன. இருப்பது மத்தியானக் கவர்கள் மட்டும். மேலே 'சாப்பிட்ட பிறகு' என்று எழுதியிருக்கிறது. மொத்தம் ஐந்து மாதத்துக் கவர். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.